உங்களுக்குத் தெரியுமா? – மதர்போர்டும் பயாஸும்

8 கேபியில் தொடங்கியது

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதை ஆன் செய்ததும் முதலில் ஓடி எழுப்பிவிடும் நிரலான பயாஸ் வெறும் 8 கேபி. இன்றைய நடுத்தர மதர்போர்டு ஒன்றில் இருக்கும் பயாஸ் சிப் 32 எம்பி. அதாவது 4,096 மடங்கு. அன்றைய பயாஸ் அழிக்கவோ திருத்தவோ முடியாத ரோம் சிப்பில் இருந்தது. முதல் இரண்டு பதிப்புகளோடு வந்த கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய வழி கிடையாது. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட மூன்றாம் பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் புதுச் சிப்பைக் காசு கொடுத்து வாங்கி, பழையதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகிக்கொள்ள வேண்டும். பயாஸ் அப்டேட் அப்போது ஸ்க்ரூடிரைவரோடு செய்கிற வேலை.

அச்சிட்டு விற்ற ரகசியம்

அந்தக் கம்ப்யூட்டரின் பிராசசர் இன்டெலுடையது, ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டுடையது. மற்ற பாகங்களும் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை. ஐபிஎம்முக்கே உரியது என்று உருப்படியாக இருந்தது பயாஸ் ஒன்றுதான். அதையும் வரிவரியாகத் தன் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது! படிக்கலாம், காப்பியடித்தால் வழக்கு வரும். காம்பேக் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழு பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதியது. அந்தக் கையேட்டைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு பயாஸ் எழுதியது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனமும் இதே போக்கில் ஒன்றை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. தைவான் கம்பெனிகள் மதர்போர்டு செய்து ஊர் உலகமெங்கும் அனுப்பியது இந்தக் கதவு திறந்த பிறகுதான்.

பெட்டிமேல் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

ஆசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் என்று பெட்டியில் எது இருந்தாலும், உள்ளே இருக்கும் பயாஸின் அடித்தளம் பெரும்பாலும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற நிறுவனம் எழுதியது. சுருக்கமாக ஏஎம்ஐ. 1985-இல் சுப்பிரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. டெலிட் கீயைத் தட்டி உள்ளே போகிறோமே, அந்தத் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். மதர்போர்டு கம்பெனி அதன்மேல் தன் சொந்தப் படங்களையும் மெனுவையும் போட்டுக்கொள்கிறது. கண்டிப்பாகப் பேசினால் இன்று எல்லாமே பயாஸின் வாரிசான யுஇஎஃப்ஐ. ஆனால் கடைக்காரர் முதல் கம்பெனிகளின் சொந்த இணையப் பக்கம் வரை பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே.

1151-ம் 1151-ம் ஒன்றா?

இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் 1,151 பின்கள். ஆறு, ஏழாம் தலைமுறை கோர் பிராசசர்கள் இதில் உட்காரும். எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட் எண் அதேதான். உள்ளேயும் சரியாகப் போய் உட்காரும். ஆனால் ஆன் ஆகாது. முதல் வகைக்கு 100, 200 வரிசை சிப்செட் போர்டு வேண்டும்; இரண்டாம் வகைக்கு 300 வரிசை. பின்களில் எது மின்சாரம் கொண்டுபோகிறது என்ற ஒதுக்கீட்டையே இன்டெல் இடையில் மாற்றிவிட்டது. செகண்ட்ஹேண்ட் சந்தையில் “1151 போர்டு இருக்கு சார்” என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி “என்ன சிப்செட்?” என்பதாக இருக்கட்டும்.

எல்ஜிஏ 1700-இல் சிக்கல் வேறு மாதிரி. 12, 13, 14-ஆம் தலைமுறை மூன்றும் ஒரே சாக்கெட். ஆனால் சில போர்டுகள் டிடிஆர்4 ரேம் எடுக்கும், சில டிடிஆர்5. ஒன்றின் வெட்டு மற்றொன்றில் பொருந்தாது. மாடல் பெயரின் கடைசியில் டி4 என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

16 எம்பி போட்ட சண்டை

மதர்போர்டு வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஏஎம்4 சாக்கெட்டுடையது. ஏஎம்டி நிறுவனம் 2016-இல் அறிமுகப்படுத்திய இந்தச் சாக்கெட்டில், 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தது. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கொரு புது வரிசை. எல்லாவற்றுக்கும் அதே 1,331 பின். ஒருமுறை போர்டு வாங்கினால் போதும், பிராசசரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம் என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள்.

முட்டுக்கட்டை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பயாஸ் சிப். ஒவ்வொரு பிராசசர் குடும்பத்தையும் அடையாளம் கண்டு எழுப்பிவிடும் நிரல் அந்தச் சிப்பில் இருக்க வேண்டும். பழைய போர்டுகளில் இருந்ததோ 16 எம்பி சிப். செலவு மிச்சம் பிடிக்கலாம் என்று போட்டது. குடும்பம் பெருகப் பெருக வீட்டில் இடம் போதவில்லை. 2019-இல் ரைசன் 3000 வரிசை வந்தபோது எம்எஸ்ஐ தன் பல போர்டுகளில் பயாஸின் அழகான படத்திரையை எடுத்துவிட்டு எளிய மெனுவை வைத்தது. சில பழைய பிராசசர்களுக்கான ஆதரவையும் கழற்றியது. கூடவே 32 எம்பி சிப்போடு மேக்ஸ் என்ற பெயரில் அதே போர்டுகளை மறுபடி வெளியிட்டது. பெட்டியில் ஒரு சொல்தான் கூடுதல். உள்ளே இடம் இரட்டிப்பு.

2020 மே மாதம் ஏஎம்டி ஓர் அறிவிப்பு விட்டது: அடுத்து வரும் ரைசன் 5000, பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது. முந்தின வருடம் அந்தப் போர்டுகளை வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். இரண்டு வாரத்துக்குள் ஏஎம்டி இறங்கி வந்தது. பயாஸ் தருகிறோம், ஆனால் இது ஒருவழிப் பாதை. ஏற்றிவிட்டால் பழைய பிராசசர்களுக்குத் திரும்ப முடியாமல் போகலாம் என்றது. 2022-இல் இன்னும் ஒரு படி இறங்கி, 2017-இன் 300 வரிசை போர்டுகளுக்கும் வழிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, ஐந்து வருடப் பழைய போர்டிலும் ஓடியது.

பயாஸ் சிப் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி. எட்டுக் கால் உள்ள அந்தச் சின்னச் சிப்பின் மேல் 25க்யூ128 என்பது போல ஓர் எண் இருக்கும். 128 என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் 16 எம்பி. 256 என்றிருந்தால் 32 எம்பி. விளம்பரத்தில் ஆர்ஜிபி விளக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் இந்த எண்ணைப் பெரிதாகச் சொல்வதில்லை. போர்டு வாங்குகிறவர், அடுத்த ஐந்தாறு வருடம் அதற்குப் பயாஸ் எழுதித் தரப்போகிற கம்பெனியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். விலையைப் பார்க்குமுன் அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, பிராசசர் பட்டியலையும் பக்கத்தில் “எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து” என்ற கட்டத்தையும் பார்த்துவிடுவதே என் வழக்கம்.

பிராசசரைக் கடன் கொடுத்த கம்பெனி

2018 பிப்ரவரியில் ரைசன் 2200ஜி, 2400ஜி பிராசசர்கள் வந்தன. கடைகளில் இருந்த ஏஎம்4 போர்டுகளிலோ பழைய பயாஸ். அப்டேட் செய்யக் கம்ப்யூட்டர் ஆன் ஆக வேண்டும். ஆன் ஆக வேண்டுமானால் அப்டேட் செய்திருக்க வேண்டும். சிக்கிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டி, ஏ6-9500 என்ற பழைய பிராசசர் ஒன்றைக் கடனாகத் தபாலில் அனுப்பியது. அதைப் போட்டு ஆன் செய்து, பயாஸ் ஏற்றி, கழற்றித் திருப்பி அனுப்ப வேண்டும்!

கடனே வேண்டாம் என்பவர்களுக்கு

இப்போது பல போர்டுகளின் பின்பக்கத்தில் யுஎஸ்பி துளைகளுக்கு அருகே ஒரு பட்டன் இருக்கிறது. ஆசஸ் அதைப் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்கிறது, கிகாபைட் க்யூ-ஃப்ளாஷ் பிளஸ், எம்எஸ்ஐ ஃப்ளாஷ் பயாஸ் பட்டன். பிராசசர் வேண்டாம், ரேம் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் மட்டும் வந்தால் போதும். குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகிப் பட்டனை அழுத்தினால், போர்டில் இருக்கும் ஒரு தனிச் சிப் பயாஸை ஏற்றிவிடும். பென்டிரைவில் கோப்பின் பெயரை மட்டும் கம்பெனி சொன்னபடி மாற்றி வைக்க வேண்டும். கிகாபைட்டுக்கு ஒரு பெயர், எம்எஸ்ஐக்கு ஒரு பெயர், ஏஎஸ்ராக்குக்கு ஒரு பெயர். பட்டனை அழுத்தியும் விளக்கு எரியவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் தவறிய இடம் இந்தப் பெயர். மற்றவர்கள் பென்டிரைவை வேறு துளையில் செருகியவர்கள்.

இரண்டு போர்டுகளுக்கிடையில் ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால், கண்ணாடிப் பளபளப்பை விட்டுவிட்டு இந்தப் பட்டன் உள்ளதை எடுங்கள்.

புத்தம் புதிய பழசு

இன்டெல் எச்61 சிப்செட் வெளிவந்தது 2011-இல். அதே 2011 ஜனவரி 31 அன்று, இந்த 6 வரிசை சிப்செட்டுகளில் ஒரு சர்க்யூட் தவறு இருக்கிறது, நாளடைவில் சாட்டா போர்ட்டுகள் மங்கிப்போகலாம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு சரக்கைத் திரும்பப் பெற்றது. மாற்றிக் கொடுக்க ஆன செலவு மட்டும் சுமார் 70 கோடி டாலர் என்று கணக்கிட்டது. திருத்திய சிப் வந்து அந்தக் கதை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், சிப்செட்டின் பிராயம் போய் வெகுகாலம் ஆன பிறகும் எச்61 போர்டுகள் இந்தியாவில் புதுப் பெட்டியில் கிடைத்துக்கொண்டிருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட செப்ரானிக்ஸும் அதை விற்றது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய கோர் ஐ3, ஐ5 பிராசசர்கள் மலிவாகக் கிடைத்ததால் சென்னை ரிச்சி தெருவில் இந்த ஜோடிக்கு மவுசு.

பில் போடவும் பாடம் படிக்கவும் அது போதும். ஆனால் சிப்செட் தரும் சாட்டா போர்ட்டின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், யுஎஸ்பி 3.0 சிப்செட்டில் கிடையாது; விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் அந்தத் தலைமுறை பிராசசர் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. “புது போர்டு” என்ற சொல்லில் மயங்காமல் சிப்செட் எந்த வருடத்தது என்று கேளுங்கள்.

துளை இருந்தும் படம் வராது

மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது. மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. போர்டில் கோளாறு இல்லை. பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் அந்தத் துளைக்கு உயிர். இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் கிடையாது. ரைசன் 5 5600-இல் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. ரைசன் 5 7600-இல் உண்டு, 7500எஃப்-இல் கிடையாது.

ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கும்

எம்.2 துளையில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டதா? பல போர்டுகளில் எம்.2 துளையும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று விழித்தால் மற்றது தூங்கும். கையேட்டில் அடிக்குறிப்பாக எழுதியிருப்பார்கள். கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றினால் சரி.

நான்கு ரேம் போட்டால் வேகம் கூடுமா?

குறையும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கு இது: இரண்டு டிடிஆர்5 ரேம் என்றால் 5200, நான்கு துளையையும் நிரப்பினால் 3600. ஆகவே 32 ஜிபி வேண்டுமானால் நான்கு 8 ஜிபியைவிட இரண்டு 16 ஜிபி மேல். நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடும்போது, பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றின் இடம்.

253 வாட்

கோர் ஐ9-14900கே பிராசசர் முழுமூச்சில் இழுக்கும் மின்சாரத்துக்கு இன்டெல் போட்டிருக்கும் வரம்பு 253 வாட். அதை மலிவான எச்610 போர்டில் போட்டாலும் ஆன் ஆகும். ஆனால் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு ஏற்ற ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித் தரும் பகுதி, சாக்கெட்டின் இடதுபுறமும் மேலும் வரிசையாக நிற்குமே, அது சூடேறித் திணறும். பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும் பணம் கொடுத்து வாங்கிய வேகம் வீண். மறுபக்கம், 65 வாட் ரைசன் 5 7600-க்கு விலையுயர்ந்த எக்ஸ் வரிசை போர்டு எடுப்பதும் வெட்டிச் செலவே. அந்தப் பகுதியின்மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் கணிப்பு வந்துவிடும்.

அந்தக் கறுப்பு மூடியை எறியாதீர்கள்

இன்டெலின் சாக்கெட்டிலும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டிலும் பின்கள் போர்டின் பக்கம். முடி போல நுண்ணியவை. விரல் பட்டால் வளையும். வளைந்த பின்னுக்கு வாரன்ட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. சாக்கெட்டை மூடிவந்த பிளாஸ்டிக் மூடி இல்லாமல் போர்டைத் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ள மறுப்பார்கள். பிராசசர் போட்டதும் கழன்று வரும் அதைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

அவசரப்பட்டவர்களும் தாமதித்தவர்களும்

“ஓடுகிற கம்ப்யூட்டரில் பயாஸைத் தொடாதே” என்று ஒரு கட்சி. “எப்போதும் புதியதே நல்லது” என்று இன்னொரு கட்சி. நடந்ததைப் பார்த்தால் இரண்டுக்கும் சாட்சி உண்டு.

2018 ஜனவரி. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியாகி உலகமே பதறியது. பிராசசருக்கான மைக்ரோகோடு திருத்தத்தை இன்டெல் அவசரமாகத் தந்தது. பயாஸ் வழியாக அது கம்ப்யூட்டர்களுக்குப் போனது. ஹாஸ்வெல், பிராட்வெல் பிராசசர்கள் உள்ளவை காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. அதே மாதம் 22-ஆம் தேதி, அந்தத் திருத்தத்தைப் போடுவதை நிறுத்துங்கள் என்று இன்டெலே கேட்டுக்கொண்டது. அவசரமாக ஏற்றியவர்கள்தான் பட்டார்கள்.

2023 ஏப்ரல். ஏஎம்5 போர்டுகளில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிப்போன படங்கள் வெளிவந்தன. பிராசசரின் அடிப்பாகம் உப்பி, சாக்கெட்டின் பின்களும் எரிந்திருந்தன. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ வசதியை ஆன் செய்தபோது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்ட்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தன. அது 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று பூட்டுப்போட்ட புதுப் பயாஸ் வந்தது. அந்தச் சமயம் “ஓடுகிறதைத் தொடாதே” என்று சும்மா இருந்தவர்தான் ஆபத்தில் இருந்தார்.

2024-இல் இன்டெலின் முறை. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் காரணமில்லாமல் கேம்களை நிறுத்தின, நீலத் திரை காட்டின. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டுத் தம்மைத் தாமே தேய்த்துக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு திருத்தங்கள் பயாஸ் வழியே வந்தன. வாரன்ட்டியும் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன பிராசசரைத் திருத்தம் குணப்படுத்தாது என்பதையும் இன்டெல் சொல்லிவிட்டது. அந்தப் பிராசசர் வைத்துக்கொண்டு இன்னும் 2023-இன் பயாஸில் ஓட்டிக்கொண்டிருப்பவர் இந்தப் பத்தியைப் படித்ததும் முதல் வேலையாக அப்டேட் செய்யலாம்.

எனவே ஒவ்வொரு பதிப்போடும் வரும் குறிப்பைப் படியுங்கள். பாதுகாப்புக் குறை, வோல்ட்டேஜ், நீங்கள் வாங்கப்போகும் பிராசசர், உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு கோளாறு, இவற்றில் ஏதேனும் இருந்தால் ஏற்றுங்கள். பீட்டா என்று போட்டிருந்தால் பொறுத்திருங்கள். “சிஸ்டத்தின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது” என்ற ஒரே வரியை எல்லாப் பதிப்புக்கும் ஒட்டிவிடும் கம்பெனிகள் உண்டு. அதைப் படித்து ஒன்றும் புரியாது, நம் குற்றமில்லை.

ரெவிஷன் என்ற சின்ன எழுத்து

ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் உள்ளே வேறு போர்டு. குறிப்பாகக் கிகாபைட்டில், போர்டின் மூலையில் ரெவிஷன் 1.0, 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு ரெவிஷனுக்கும் தனிப் பயாஸ். பெயரின் கடைசியில் வைஃபை என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதுகூட வேறுபாடுதான். மூடியைக் கழற்றாமல் மாடலையும் இப்போதைய பயாஸ் பதிப்பையும் தெரிந்துகொள்ள, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் போதும். கோப்பை அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கான பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பழைய பதிப்பிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவக் கூடாது, நடுவில் இன்ன பதிப்பை ஏற்றியாக வேண்டும் என்று சில மாடல்களின் பக்கத்தில் எழுதியிருக்கும். அதை மீறினால் வம்பு.

48 இலக்கம்

பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பலரை உறைய வைக்கும் நீலத் திரை ஒன்று உண்டு. பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. பயாஸ் மாறியதும், இது வேறு யாரோ கைவைத்த கம்ப்யூட்டர் என்று டிபிஎம் சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுக்கிறது. பிட்லாக்கர் போட்டதே தங்களுக்குத் தெரியாது என்பவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 போட்டால் பல கம்ப்யூட்டர்களில் குறியாக்கம் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளிலும் எழுதிவையுங்கள். அதே கம்ப்யூட்டருக்குள் சேமித்துப் பயனில்லை.

ஏற்றுகிற சில நிமிடங்கள்

பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும்; பயாஸுக்கு நிச்சயமாகப் புரியும் கோப்பு முறை அதுதான். ஜிப் கோப்பை அப்படியே போடாமல் விரித்துப் போடுங்கள். விண்டோஸுக்குள் இருந்தபடி ஏற்றும் மென்பொருளும் உண்டு. பின்னால் நூறு நிரல் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த வேலை எதற்கு? பயாஸ் திரைக்குள்ளேயே இருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்: ஆசஸில் ஈஸி ஃப்ளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃப்ளாஷ். ஓவர்கிளாக் செய்திருந்தால் முதலில் டிஃபால்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். தடுமாறும் ரேமோடு பயாஸ் எழுதுவது வினையை விலைக்கு வாங்குவது. உங்கள் செட்டிங் திரைகளைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட்? யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் மழைக்காலச் சாயங்காலத்தைத் தவிர்த்து வேறு நேரம் பாருங்கள். பென்டிரைவ் பட்டனால் ஏற்றும் போர்டு என்றால், நடுவில் கரன்ட் போனாலும் மறுபடி அழுத்திப் பார்க்க ஒரு வாய்ப்பு மிச்சம்.

முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். டிடிஆர்5 ரேம் உள்ள போர்டு, அப்டேட்டுக்குப் பிறகு ரேமை மறுபடி அளந்து பழக்கிக்கொள்ளும். சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கலாம். ஓரிரு முறை தானாக அணைந்து எரியலாம். பவர் பட்டன் பக்கம் கை போகாமல் இருக்க டீ குடிக்கப் போய்விடுவது உத்தமம்.

அப்டேட்டில் மறைந்துபோவது எது?

செட்டிங் எல்லாம். ரேம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அணைந்திருக்கும், ஃபேன் வேகம் மாறியிருக்கும், பூட் வரிசை கலைந்திருக்கும். விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்றால் ரெய்டு, விஎம்டி போன்ற சேமிப்பக அமைப்பு முன்பிருந்ததிலிருந்து மாறிவிட்டதா பாருங்கள். பலர் விண்டோஸை மறுபடி நிறுவிவிட்டு, பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். எடுத்துவைத்த செல்போன் படம் இங்கேதான் உதவும்.

ஒரு கேபி வைரஸ்

1999 ஏப்ரல் 26. செர்னோபில் அணு உலை விபத்தின் 13-ஆம் ஆண்டு நாள். அன்று ஆசியா முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஆன் ஆகவில்லை. தைவானின் தாத்துங் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டு எழுதிய சிஐஎச் வைரஸ் வேலை. அளவு சுமார் ஒரு கேபி. விண்டோஸ் 95, 98 நிரல்களின் உள்ளே காலியாக இருக்கும் சந்துபொந்துகளில் துண்டு துண்டாக ஒளிந்துகொண்டதால் கோப்பின் அளவுகூடக் கூடவில்லை. நாள் வந்ததும் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்தது. சில போர்டுகளில் பயாஸ் சிப்பின்மேலும் குப்பையை எழுதியது. ரோம் போய் ஃப்ளாஷ் வந்ததால் யாரும் எளிதாக எழுதலாம் என்ற வசதி, வைரஸுக்கும் வசதியாயிற்று. தைவானில் அப்போது புகார் கொடுக்க ஆள் இல்லாததால் அவர்மேல் வழக்கு நிற்கவில்லை.

போர்டில் இரண்டு பயாஸ் சிப் வைத்து, ஒன்று கெட்டால் மற்றது எழுப்பிவிடும் ஏற்பாட்டைக் கிகாபைட் டூயல் பயாஸ் என்று பெயரிட்டுப் பரப்பியது. கையெழுத்துச் சரிபார்க்காமல் எந்தக் கோப்பையும் ஏற்காத பூட்டு இன்று பெரும்பாலான போர்டுகளில் உண்டு. பூட்டு எப்போதும் இறுக்கம் என்று சொல்ல முடியாது: ஆன் ஆகும்போது காட்டும் கம்பெனி லோகோ படத்துக்குள்ளேயே தீங்கு நிரலை வைத்து நுழையலாம் என்று 2023 டிசம்பரில் பைனர்லி என்ற ஆய்வு நிறுவனம் நிரூபித்தது. லோகோஃபெயில் என்று அதற்குப் பெயர். திருத்தம் வந்தது பயாஸ் அப்டேட்டாகத்தான்.

டெட் ஆன போர்டு உண்மையில் டெட்டா?

பயாஸ் ஏற்றும்போது அணைந்துபோன போர்டு பெரும்பாலும் பிழைக்கும். சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமர் கருவி, சில நூறு ரூபாய்தான். பயாஸ் சிப்பின் எட்டுக் காலையும் ஒரு கிளிப்பால் கவ்வி, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நேராக எழுதிவிடலாம். ரிச்சி தெருவில் சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை வைத்த கடைகளில் இது அன்றாட வேலை. வீட்டில் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை: சில சிப்புகள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட். இரண்டாம் வகைக்கு முதல் வகை மின்சாரம் கொடுத்தால் சிப் உண்மையிலேயே டெட். இன்னொன்று, பழைய சிப்பில் இருப்பதை முதலில் படித்துச் சேமித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கின் மேக் முகவரியும் சீரியல் நம்பரும் பல போர்டுகளில் அதற்குள்தான் இருக்கின்றன.

பேட்டரியைக் கழற்றினால் பழைய பயாஸ் வருமா?

வராது. 1984-இல் ஐபிஎம்மின் ஏடி கம்ப்யூட்டரில் மோட்டோரோலாவின் கடிகாரச் சிப் ஒன்று வந்தது. உள்ளே 64 பைட் நினைவகம். 14 கடிகாரத்துக்கு, மீதி 50 பைட்டில் செட்டிங். அதை உயிரோடு வைக்கத்தான் பேட்டரி. இன்றைய சிஆர்2032-இன் வேலையும் ஏறக்குறைய அதுவே. கழற்றினால் நேரமும் செட்டிங்கும் அழியும். ஏற்றிய பயாஸ் ஃப்ளாஷ் சிப்பில் அப்படியே இருக்கும். எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். இணையதளங்கள் எல்லாம் “பாதுகாப்பற்றது” என்று திடீரெனச் சொன்னால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்ற நாற்பது ஐம்பது ரூபாய் ஆகும்.

2026 ஜூன்

நம்பகமான கையெழுத்து இல்லாத நிரலை பூட் ஆக விடாத செக்யூர் பூட் வசதிக்காக மைக்ரோசாஃப்ட் 2011-இல் வெளியிட்ட சான்றிதழ்கள் மதர்போர்டுகளின் பயாஸுக்குள் பதிந்திருக்கின்றன. அவற்றின் காலாவதி 2026 ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. அதற்காகக் கம்ப்யூட்டர் ஆன் ஆவது நின்றுவிடாது. ஆனால் புதுச் சான்றிதழ் ஏறாத கம்ப்யூட்டருக்கு, பூட் ஆகும் கட்டத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதன்பின் வராது. பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் அப்டேட்டே புதிய சான்றிதழைக் கொண்டுவந்துவிடும். சில பழைய போர்டுகளுக்கு முதலில் பயாஸ் அப்டேட் தேவைப்படும். உங்கள் போர்டுக்கு அது கிடைக்குமா என்று அறிய, அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தில் கடைசிப் பயாஸ் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள்.